மழை நகருக்குச் செல்லுமுன்

வெளியூர்ப் பயணம் மேற்கொள்ள விரும்புவோர் முதலில் வழியைக் கேட்பர்; அடுத்துச் செலவைக் கேட்பர்; பின்னர்த் தங்குமிடத்தையும் உணவையும் பற்றி வினவுவர். செல்லவிருக்கும் ஊரின் வானம் எத்தகையது என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் வழி, செலவு, உறையுள், உணவு ஆகிய நான்கனையும் ஒருங்கே மாற்றவல்லது வானமே. பெருமழை பெய்தால் வழி அடைபடும், செலவு பெருகும், கண்டு மகிழச் சென்ற இடங்களைக் காணாமலே திரும்ப நேரும். ஆதலின், பயணத் திட்டம் வகுப்போர் வானத்தை அறிந்து வகுத்தல் வேண்டும். மழை மிகுந்த நகரொன்றுக்குச் செல்வோர்க்கு இது பன்மடங்கு பொருந்தும்.

வானத்தை அறிந்து தொழில் செய்வோருள் உப்பளத்தாரை முதலில் வைத்து எண்ணலாம். விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் தெற்கு நோக்கி நெடுந்தொலைவு வந்து முடிவது இங்கேதான். ஊரையடுத்துக் கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்ப் பரப்பு உள்ளது. அயல்நாட்டுப் பறவைகள் ஆண்டுதோறும் வந்து தங்கும் அவ்விடத்தைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில், கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன.

ஆண்டின் தொடக்கத்தில் மழைநீர் வடிந்ததும் அளத்தில் வேலை தொடங்கும். உடைந்த வரப்புகளைக் கட்டுவர். பாத்திகளில் படிந்த சேற்றை அகற்றுவர். தரையை மிதித்து இறுகச் செய்வர். பின்னர் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றச் செய்வர். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பின்னரே சமையலுக்கு உதவும் உப்பு படிகமாக இறங்கத் தொடங்கும். இவ்வாறு விளைந்த உப்பை நீண்ட கழியிற் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் குவிப்பர். கோடை முழுவதும் இத்தொழில் இடையறாது நடைபெறும். ஐப்பசி மழை வந்ததும் நின்றுவிடும்.

உப்பளத்தார் மழைக்கு இத்துணை அஞ்சுவது ஏன்? கணக்கிட்டுப் பார்ப்போம். மழை 1 மில்லிமீட்டர் பெய்தது என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் வீழ்ந்தது என்பது பொருள். 10 மில்லிமீட்டர் மழை ஒரு சென்ட் நிலத்தில் ஏறத்தாழ 400 லிட்டர் நீரைக் கொட்டும். ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 360 கிராம் உப்பைக் கரைக்க வல்லது. அங்ஙனமாயின், அரைமணி நேரம் பெய்து ஓயும் அம்மழை, ஒரு சென்ட் நிலத்தில் குவிந்திருக்கும் உப்பில் 140 கிலோகிராம் வரையில் கரைத்துவிடக்கூடும். பல நாள் வெயிலில் நின்று பெற்ற பயன் அரைமணியில் நீராய்ப் போகும். ஆதலின் உப்பளத்தார் காலையில் எழுந்ததும் கீழ்வானை நோக்குவர். காற்று எத்திசையினின்று வீசுகிறது என்று காண்பர். அதன் பின்னரே அன்றைய வேலையை முடிவு செய்வர். பயணம் செய்வோர்க்கு வேண்டும் முதற்பண்பு இதுவே.

இந்நிலப்பகுதிக்கும் பயணத் திட்டத்திற்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் என்னும் வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனை அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவதாக அமைந்த நூல். செல்லும் வழியில் எவ்வெவ்வூர்கள் உள்ளன, ஆங்கு வாழ்வோர் யாவர், அவர்கள் வருவோர்க்கு எவ்வுணவு அளித்து விருந்தோம்புவர் என்பனவற்றை அந்நூல் முறையாக எடுத்துரைக்கிறது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் இன்றைய மரக்காணப் பகுதியே என்பர் அறிஞர். நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. ஆற்றுப்படை நூல்களைப் பழந்தமிழரின் வழிகாட்டி நூல்கள் என்றே கூறலாம்.

உப்பு வணிகராகிய உமணர் வண்டிகளில் உப்பேற்றிக் கொண்டு காடும் மலையும் கடந்து உள்நாடுகளுக்குச் சென்றனர். வழியில் மேடும் பள்ளமும் எதிர்ப்படுமென்பதை அவர்கள் அறிவர். ஆதலின் வண்டியின் அடிப்பகுதியில் மற்றோர் அச்சினைக் கட்டிச் சென்றனர். பூட்டிய அச்சு முறிந்தால் அதனை எடுத்துப் பூட்டுவர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இச்செய்தியைப் புறநானூற்றுப் பாடலொன்று நமக்கு அறிவிக்கிறது. புறப்படுமுன்னரே முறிவை எண்ணிப் பார்த்து, அதற்கு மாற்று ஒன்றை உடன்கொண்டு செல்லும் இம்முறை இக்காலத்துப் பயணத்திற்கும் ஏற்றது.

இனி, மரக்காணத்துப் பள்ளி மாணவர் சிலர் தம் ஆசிரியருடன் மழை மிகுந்த நடுத்தர நகரம் ஒன்றைக் கண்டுவர விரும்புகின்றனர் எனக் கொள்வோம். அவர்கட்கு ஏற்ற நகரம் கோழிக்கோடு. அது கேரள மாநிலத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ளது. சென்னை, மும்பை போன்ற பெருநகரம் அன்று, சிற்றூரும் அன்று. சில நாட்களில் நடந்தும் பேருந்தில் சென்றும் கண்டு முடிக்கத்தக்க அளவினது. சாமூதிரி மன்னர் ஆண்ட பழம்பெருந்துறைமுகம். அராபியரும் சீனரும் மிளகு தேடி வந்த இடம். போர்த்துக்கீசியராகிய வாஸ்கோ ட காமா 1498ஆம் ஆண்டில் கடல்வழியே இந்தியாவை வந்தடைந்தது இந்நகரை ஒட்டிய கடற்கரையில்தான். 2023ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, இந்தியாவின் முதல் இலக்கிய நகரம் என்னும் சிறப்பை இதற்கு அளித்தது.

மரக்காணமும் கோழிக்கோடும் கடற்கரை ஊர்களே. இரண்டும் பூமியின் நடுக்கோட்டினின்று ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. ஆயினும் இரண்டின் வானமும் வேறு. மரக்காணத்தை அடுத்த புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோழிக்கோட்டிலோ ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. பெய்யும் அளவு மட்டுமன்றிப் பெய்யும் காலமும் மாறுபடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பாலும் ஜூன் மாதத் தொடக்கத்தில் அரபிக்கடலினின்று ஈரத்தைச் சுமந்து கேரளத்தை அடைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைத் தடுத்து மேலே எழுப்புகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து, மலைக்கு மேற்கே பெருமழையாகப் பொழிகிறது. மலையைக் கடந்து கிழக்கே வரும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. அதனால், ஜூன், ஜூலை மாதங்களில் கோழிக்கோட்டில் மழை கொட்டும்பொழுது மரக்காணத்தில் பெரும்பாலும் வெயில் காயும், உப்பு விளையும்.

அக்டோபர் மாதத்தில் இந்நிலை மாறுகிறது. காற்று திரும்பி வடகிழக்கினின்று வீசுகிறது. அதுவே வடகிழக்குப் பருவக்காற்று. வங்கக்கடலின் ஈரத்தை அது தமிழகக் கரைக்குக் கொணர்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் இக்கரையில் பெய்யும் மழை, ஆண்டு மழையிற் பாதிக்கும் மிகுதி. அக்காலத்தில் வங்கக்கடலில் புயல்களும் தோன்றும். 2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் விடியுமுன் நிவர் புயல் மரக்காணத்தின் அருகே கரையைக் கடந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியின் அருகே கரையைக் கடந்தபொழுது, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. பயணம் செய்வோர் ஒரு வானத்தை மட்டும் அறிந்தால் போதாது; செல்லும் ஊரின் வானம், விட்டுச் செல்லும் ஊரின் வானம் ஆகிய இரண்டனையும் அறிதல் வேண்டும்.

இவ்விரண்டும் இசையும் காலம் எது? பள்ளி மாணவர்க்கு வாய்ப்பன மூன்று விடுமுறைகள்: கோடை விடுமுறை, காலாண்டுத் தேர்வை அடுத்த விடுமுறை, அரையாண்டுத் தேர்வை அடுத்த விடுமுறை. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

கோடை விடுமுறையின் மே மாதத்தில் மரக்காணத்தில் உப்பு விளைவு உச்சத்தில் இருக்கும். பெற்றோர் கருக்கலிலேயே அளத்திற்குச் சென்றுவிடுவர். வீட்டையும் தம்பி தங்கையரையும் மூத்த பிள்ளைகளே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். கோழிக்கோட்டிலோ வெப்பமும் புழுக்கமும் மிகுந்து, மாலையில் இடியுடன் கூடிய மழை பெய்யும். மே இறுதியில் பருவமழை முன்னரே வந்துவிடுதலும் உண்டு. ஆகவே இது சிறந்த காலம் அன்று.

அரையாண்டு விடுமுறை டிசம்பர் இறுதியில் வரும். அப்பொழுது கோழிக்கோட்டு வானம் தெளிந்திருக்கும். அளத்திலும் வேலை இராது; ஆதலின் ஓய்வு உண்டு. ஆனால், ஓய்வு உள்ள வீட்டில் பொருள் இருப்பதில்லை. அக்டோபரில் வேலை நின்ற பின்னர் உப்பளத் தொழிலாளிக்குக் கூலி இல்லை. மூன்று மாதம் கையிருப்பைக் கொண்டும் கடனைக் கொண்டும் காலந்தள்ள நேரும். இத்துன்பத்தைக் கருதியே, மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரண உதவி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. அரிசிக்கும் பருப்பிற்கும் வேண்டிய அப்பணத்தைச் சுற்றுலாவிற்குக் கேட்பது முறையாகாது. அன்றியும், டிசம்பர் இறுதியிலும் புயல் வருதல் உண்டு. 2011ஆம் ஆண்டில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த நாள் டிசம்பர் 30 ஆகும்.

எஞ்சியது செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வரும் காலாண்டு விடுமுறை. அப்பொழுது தென்மேற்குப் பருவமழை தளர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிராது. அது பெரும்பாலும் அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டியே தொடங்கும். கோழிக்கோட்டில் அக்காலத்தும் மழை உண்டு. ஆயினும் ஜூன், ஜூலையிற் பெய்வதிற் பாதிக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் பிற்பகலில் திரண்டு மாலையில் பெய்து ஓயும் மழை. மழை நகரின் இயல்பையும் கண்டதாகும்; ஊர் சுற்றிப் பார்க்கவும் வழி உண்டு. அளத்து வேலை முடியுந் தறுவாயில் இருப்பினும் கூலி முற்றிலும் நின்றிராது. இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட இச்சிறுகாலமே மரக்காணத்து மாணவர்க்கு ஏற்ற காலம்.

காலம் முடிவானதும் பொருளைப் பற்றி எண்ணுதல் வேண்டும். கடைசி வாரத்தில் ஒரே தொகையாகக் கேட்டால் தரக்கூடியவர் சிலரே. தர இயலாத வீட்டுப் பிள்ளை, தனக்குப் பயணத்தில் விருப்பமில்லை என்று கூறி ஒதுங்கிவிடுவான். அவன் உள்ளத்தை யார் அறிவார்? ஆதலின் உப்பு வாரத் தொடங்கும் பிப்ரவரி மாதத்திலேயே சேமிப்பைத் தொடங்குதல் நன்று. மாதம் நூறு ரூபாய் வீதம் செப்டம்பர் முடியச் சேர்த்தால் எட்டு மாதத்தில் எண்ணூறு ரூபாய் ஆகும். வெயில் உள்ளபொழுது விளைவித்து மழைக்கு வைத்துக்கொள்வது அளத்து வழக்கம். அதனைப் பணத்திற்கும் பொருத்திக்கொள்ளலாம். வண்டிக் கட்டணம், தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து என நான்கு தலைப்புகளில் செலவைக் கணக்கிட்டு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஐந்தாம் தலைப்பாகத் தனியே வைத்தல் வேண்டும். அதுவே நம் சேம அச்சு. அதனைத் தின்பண்டத்திற்கும் விளையாட்டுப் பொருளுக்கும் எடுத்தல் ஆகாது.

அடுத்தது வழி. மரக்காணத்தினின்று மேற்கே பேருந்தில் திண்டிவனம் செல்லலாம். ஆங்கிருந்து விழுப்புரம் சென்றால், மங்களூரு செல்லும் புகைவண்டியில் ஏறலாம். அது திருச்சிராப்பள்ளி, கரூர், ஈரோடு, கோயம்புத்தூர், பாலக்காடு, சோரனூர் வழியாகக் கோழிக்கோட்டை அடையும். வண்டி புறப்படும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறுதலின், அவ்வாண்டின் கால அட்டவணையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இடப்பதிவுக்கு உரிய காலம், 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பாகத் தொடங்குகிறது. முன்பு அது 120 நாட்களாக இருந்தது. கல்விப் பயணம் செல்லும் மாணவர்க்குக் கட்டணச் சலுகை கிடைக்குமா என்பதையும், அதற்குத் தலைமையாசிரியர் அளிக்க வேண்டிய சான்று யாது என்பதையும் புகைவண்டி நிலையத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

பாலக்காட்டுக் கணவாயைப் பகலிற் கடக்கும்படி வண்டியைத் தேர்ந்தெடுத்தல் சாலச் சிறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ந்து நிற்க, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வாயில் போன்ற இடைவெளி உண்டு. வண்டி அதனூடே செல்லும். கிழக்கே மழை குறைந்த கொங்கு நிலத்தின் தென்னையும் சோளமும். மேற்கே செல்லச் செல்ல நீர் நிறைந்த வயலும் வாழையும் பாக்கும். வீட்டுக் கூரைகளும் மாறும். மழைநீர் விரைந்து வடியும்பொருட்டு அவை செங்குத்தாகச் சரிந்து, ஓடு வேயப்பட்டிருக்கும். ஒரு மலைத்தொடர் இரண்டு நாட்டின் பயிரையும் வீட்டையும் எங்ஙனம் வேறுபடுத்துகிறது என்பதைப் புத்தகத்தில் பத்து முறை படிப்பினும், சாளரத்தின் வழியே ஒரு முறை காண்பது உள்ளத்தில் நிற்கும். சோரனூரைக் கடந்ததும் பாரதப்புழையின் அகன்ற மணற்பரப்பையும், நகரை நெருங்குகையில் சாலியாற்றையும் காணலாம்.

நகரில் தங்கும் நாட்களை எவ்வாறு பகிர்வது? காண்பனவற்றை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளல் வேண்டும்: திறந்த வெளியிற் காண்பன, கூரையின் கீழ்க் காண்பன. முன்னவற்றை முற்பகலுக்கும் பின்னவற்றைப் பிற்பகலுக்கும் வைத்தல் வேண்டும். முதல் நாள் காலையில் கடற்கரையையும், நகரின் நடுவே உள்ள பழைமையான மானாஞ்சிறைக் குளத்தையும் காணலாம். பிற்பகலில் வட்டார அறிவியல் மையத்தையும் ஆங்குள்ள கோளரங்கையும் பார்க்கலாம். வெளியே மழை பெய்யினும் உள்ளே விண்மீன்கள் தெரியும். இரண்டாம் நாள் காலையில் நகருக்குத் தெற்கே உள்ள பேப்பூருக்குச் செல்லலாம். உரு என்னும் பெரிய மரக்கலங்களைத் தச்சர்கள் வழிவழி வந்த அறிவால் கட்டும் இடம் அது. பிற்பகலில் குற்றிச்சிறையில் உள்ள மிஷ்கால் பள்ளிவாசலைக் காணலாம். பதினான்காம் நூற்றாண்டில் வணிகர் ஒருவர் கட்டியது. 1510ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் தீயிட்டதில் சேதமுற்றுப் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. மரவேலைப்பாடு மிகுந்த அதன் அமைப்பும் சரிந்த கூரையும் மழை நாட்டுக் கட்டடக் கலைக்கு நல்ல சான்று. மாலையில் மிட்டாய்த் தெருவில் கோழிக்கோட்டு அல்வாவைச் சுவைக்கலாம். மூன்றாம் நாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டுவைத்தல் வேண்டும். மழையால் தவறியதை அன்று காணலாம். ஒன்றும் தவறாதிருப்பின் வடக்கே காப்பாட்டுக் கடற்கரைக்குச் சென்று வரலாம். நாட்களிலும் ஒரு சேம அச்சு வேண்டும் அன்றோ?

உடன்கொண்டு செல்லும் பொருள்களும் மழைக்கு ஏற்றனவாக இருத்தல் வேண்டும். மரக்காணத்தில் காலையில் துவைத்த துணி கடற்காற்றில் நண்பகலுக்குள் உலர்ந்துவிடும். மழை நாட்களில் கோழிக்கோட்டுக் காற்று ஈரம் நிறைந்திருத்தலின், துணி மறுநாளும் உலராது. ஆகவே தடித்த துணிகளைத் தவிர்த்து, மெல்லியனவற்றைக் கூடுதலாக ஓர் இணை எடுத்துக்கொள்ளல் வேண்டும். தோற்செருப்பு ஊறிக் கெடும். ரப்பர்ச் செருப்பே ஏற்றது. குடையுடன் மழைச்சட்டையும் இருப்பின், காற்றுடன் கூடிய மழையில் உதவும். பயணச் சீட்டு, அடையாள அட்டை, குறிப்பேடு, கைப்பேசி ஆகியவற்றை நீர்புகா உறையில் வைத்தல் வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய நீரையே பருகுதல் வேண்டும். தெருவில் தேங்கிய நீரில் காலிட்டு விளையாடுதல் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால், காலிலுள்ள சிறு புண்ணின் வழியாகவும் எலிக்காய்ச்சல் பற்றக்கூடும்.

இவையனைத்தும் செய்த பின்னரும், புறப்படுவதற்கு முன்னாள் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டந்தோறும் வானிலை எச்சரிக்கையை நிறங்களால் அறிவிக்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்து வருக. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை மேற்கொள்க என்பது குறிப்பு. கோழிக்கோடு, விழுப்புரம் ஆகிய இரண்டு மாவட்டங்களின் நிறத்தையும் பார்த்தல் வேண்டும். ஆரஞ்சோ சிவப்போ காணப்படின் பயணத்தை ஒத்திவைத்தலே அறிவுடைமை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் விடியற்காலையில், கோழிக்கோட்டை அடுத்த வயநாட்டு மலைப்பகுதியில் நிலச்சரிவு ஏற்பட்டு நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். மழை நாட்டு மக்கள் மழையை விரும்புவர். அதனை எளிதாக எண்ணார். கேரள மீனவர் ஜூன் 9ஆம் நாள் நள்ளிரவு முதல் ஜூலை 31 வரையில் 52 நாட்கள் விசைப்படகுகளைக் கடலிற் செலுத்துவதில்லை. நம் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் அத்தடை உண்டு. மீன்வளம் பெருகுவதற்காக ஏற்பட்ட இத்தடைகள், மேற்குக் கரையில் கடல் சீறும் காலத்தோடும் பொருந்தியுள்ளன.

ஒத்திவைத்தல் கோழைமை ஆகாதா எனச் சிலர் எண்ணலாம். வாரிக் குவித்த உப்பின்மீது மழை வருவதைக் கண்டும், “இன்னும் ஒரு பாத்தி வாரிவிடுவோம்” என்று நிற்கும் உப்பளத்தார் எவரும் இலர். குவித்ததை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடுவதே அவர்கள் முதலில் செய்யும் வேலை. மூடத் தெரிந்தவனுக்கே விளைவு மிஞ்சும். அவ்வாறே, நில்லெனத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனே பயணத்தை நலமே முடிப்பவன். மேலும், மாணவர் வெளியூரில் இருக்கும்பொழுது, மரக்காணத்தில் தாழ்ந்த இடத்து வீட்டில் பெற்றோர் இருப்பர். அவர்கட்கு நாள்தோறும் மாலையில் செய்தி சொல்லுதலும், ஊர் நிலையைக் கேட்டறிதலும் கடமையாகும்.

மரக்காணத்து மாணவர் கோழிக்கோட்டில் அறியத்தக்க செய்தி இன்னும் ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் தண்டியில் உப்புச் சட்டத்தை மீறினார். அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராசாசி திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியம் நோக்கி நடந்தார். அதே நாளில் கே. கேளப்பன் கோழிக்கோட்டினின்று தொண்டர்களுடன் பையனூர் நோக்கி நடந்தார். மே 12ஆம் நாள் கோழிக்கோட்டுக் கடற்கரையிலும் உப்புக் காய்ச்சித் தடியடி பட்டனர் தொண்டர்கள். மழை மிகுதியால் உப்பளம் பெருகாத நாடு அது. ஆயினும் உப்பு வேண்டாத வீடு அங்கும் இல்லை. தம் கரையில் மிகுதியாக விளையாத ஒரு பொருளுக்காகவும் அவர்கள் அடிபட்டனர். அக்கடற்கரையில் நிற்கும் உப்பளத்துப் பிள்ளை, தன் பெற்றோர் வாரும் உப்பின் பெருமையை அங்கே உணர்வான்.

ஒரு நாட்டில் விளைவதை மற்றொரு நாடு வேண்டுகிறது. அங்குப் பெய்யும் மழையால் மிளகும் பாக்கும் செழிக்கின்றன. இங்குக் காயும் வெயிலால் உப்பு விளைகிறது. மழையை நல்லதென்றோ தீயதென்றோ ஒரே சொல்லாற் கூறிவிட இயலாது. அது பெய்யும் இடமும் காலமுமே அதன் பயனை முடிவு செய்கின்றன. ஆகவே மாணவர்களே, எவ்வூருக்குச் செல்லினும் முதலில் அவ்வூர் வானத்தை அறிமின். உம் ஊர் வானத்தை மறவாதீர். உடன்வர இயலாதவனையும் உடன் சேர்த்துக்கொள்ளும் வகையில் முன்கூட்டியே சேமிமின். பொருளிலும் நாளிலும் சேம அச்சு ஒன்று வைத்துக்கொண்டு புறப்படுமின். அவ்வாறு செல்வோர்க்கு மழையும் ஓர் ஆசிரியர் ஆகும்.

பயிற்சி

1. உப்பளத்தார் மழைக்கு அஞ்சுவது ஏன்? கணக்கிட்டு விளக்குக.
2. சேம அச்சு என்பது யாது? இப்பாடத்தில் அது எவ்வெவற்றிற்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளது?
3. மரக்காணம், கோழிக்கோடு ஆகிய ஊர்களின் மழைக்காலங்களை ஒப்பிட்டு எழுதுக.
4. மூன்று விடுமுறைகளுள் காலாண்டு விடுமுறை ஏற்றது எனக் கூறுவதற்குரிய காரணங்கள் யாவை? உம் ஊர் மாணவர்க்கு ஏற்ற காலம் எது? காரணம் காட்டுக.
5. நீவிர் காண விரும்பும் நகரம் ஒன்றுக்கு மூன்று நாள் பயணத் திட்டம் வகுக்க. அந்நகரின் மழைக்காலத்தையும் உம் ஊரின் மழைக்காலத்தையும் முதலிற் குறிப்பிடுக.